குல்மார்க்: ஒரு கயிறும் ஒரு மலையும்

பனிச்சறுக்குக்குப் பேர்போன ஐரோப்பிய ஊர்களில் போய் இறங்கியதும் கையில் ஒரு வரைபடம் தருவார்கள். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று மலையெங்கும் கோடுகள் ஓடும். பச்சை கற்றுக்குட்டிக்கு, கறுப்பு தேர்ந்தவருக்கு. ஒவ்வொரு கோடும் இரவில் வண்டி ஓட்டி அமுக்கிச் சமன்செய்த ஒரு பாதை. குல்மார்க்குக்கு அப்படி ஒரு வரைபடம் போட்டால் கோடுகளெல்லாம் அடிவாரப் புல்வெளியிலும் அதற்கு மேலுள்ள கோங்தூரி என்ற இடைத்தட்டைச் சுற்றியுமே முடிந்துவிடும். அதற்கு மேலே நிற்கும் பெரிய மலை கோடு எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைக்காகத்தான் ஆஸ்திரேலியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

இந்தியாவில் பனிச்சறுக்குக்கு வேறு இடமே இல்லை என்பதல்ல. சிம்லாவுக்குப் பக்கத்தில் குஃப்ரி, நார்கண்டா, மணாலிக்கு மேலே சோலாங், உத்தராகண்டில் ஔலி என்று சில உண்டு. குஃப்ரியில் இன்று பனியைவிடச் சவாரிக் குதிரைகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. ஔலி முறையாகத் திட்டமிட்ட இடம். சமன்செய்த சரிவு, நாற்காலி இழுவை, செயற்கைப் பனி தயாரிக்கும் பொறிகள் என்று பாடப்புத்தகப்படி அமைத்தார்கள். 2011இல் முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியின் பனிச்சறுக்குப் பந்தயங்களும் அங்கேதான் நடந்தன. ஆனாலும் இந்தப் பட்டியலில் உலகம் அறிந்த பெயர் குல்மார்க் ஒன்றுதான். இதற்குக் காரணம் பாதி மலையின் அமைப்பில் இருக்கிறது, பாதி வரலாற்றில். அந்த வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகும். குல்மார்க்கில் பணமும் அதிகாரமும் வைத்திருந்த யாருக்கும் பனிச்சறுக்கு முதல் நோக்கமாக இருந்ததே இல்லை. அரசர்கள் பூவுக்காக வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் கோடைக்காக, ராணுவம் எல்லைக்காக, அரசாங்கம் சுற்றுலா வருமானத்துக்காக. சறுக்குபவர்கள் இவர்கள் எல்லோருடைய ஏற்பாட்டிலும் ஒட்டிக்கொண்டு மேலே போனவர்கள்.

முதலில் மலை. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் தென்மேற்கு விளிம்பாக நிற்பது பீர் பஞ்சால் தொடர். அதன் உட்புறத் தோளில், ஸ்ரீநகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில், பாரமுல்லா மாவட்டத்தில் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது குல்மார்க். கீழே தங்மார்க் என்ற சிற்றூர். அங்கிருந்து 13 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலை. குளிர்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாத வண்டியை மேலே விடமாட்டார்கள். அதனால் வெளியூர் வண்டிகள் தங்மார்க்கில் நின்றுவிட, உள்ளூர் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொள்ளும். தங்மார்க்கின் குளிர்காலப் பிழைப்பில் கணிசமான பங்கு இந்தச் சங்கிலியில் தொங்குகிறது.

மலை மூன்று தட்டுகளாக இருக்கிறது. முதல் தட்டு புல்வெளி. சுற்றிலும் பைனும் ஃபர் மரங்களும் விளிம்பு கட்டிய, நடுவில் குழிந்த பெரிய வெளி. கோடையில் கோல்ஃப் மைதானமாக இருப்பது டிசம்பருக்குப் பிறகு பனிக்கடியில் போய்விடும். சரிவு மிக மென்மை. விழுந்தால் எழுந்து சிரித்துக்கொள்ளலாம். முதன்முதலாகப் பலகை மாட்டுபவர்களும், மரச் சறுக்குவண்டியில் உட்கார்ந்து இழுத்துச் செல்லப்படும் குடும்பங்களும் இங்கேதான் குவிகிறார்கள். இரண்டாம் தட்டு காட்டுக்கு ஊடாக ஏறிக் கோங்தூரியில் முடிவது. ஏறத்தாழ 3,080 மீட்டர். பக்கத்திலேயே கிலன்மார்க் என்ற இன்னொரு மேட்டுப் புல்வெளி. மூன்றாம் தட்டுதான் அஃபர்வத். கோங்தூரிக்கு மேலே மரங்கள் அருகி மறைந்து மலை மொட்டையாகிறது. கோண்டோலா எனப்படும் கயிற்றுப் பாதையின் மேல் நிலையம் 3,950 மீட்டரை ஒட்டி முகட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கிருந்து நடந்து ஏறினால் சுமார் 4,200 மீட்டரில் உச்சி. வானம் தெளிந்த நாளில் வடக்கே 8,126 மீட்டர் உயர நங்கா பர்பத் தெரியும்.

புல்வெளிக்கும் மேல் நிலையத்துக்கும் இடையில் 1,300 மீட்டர் உயர வித்தியாசம். அதை ஒரே மூச்சில் சறுக்கி இறங்க முடியும். பனி கீழேவரை இறங்கியிருக்கும் காலத்தில் இன்னும் தாழப் போகலாம். காட்டுக்குள் புகுந்து தங்மார்க்குக்கோ, பதினைந்தாம் நூற்றாண்டு சூஃபித் துறவி பாபா ரேஷியின் அடக்கத்தலம் இருக்கும் ஊருக்கோ, துருங் பக்கமோ வெளிவந்து, ஜீப் பிடித்துத் திரும்பி வருவார்கள். அப்போது வித்தியாசம் 1,800 மீட்டரை எட்டும். ஆல்ப்ஸிலேயே இந்த அளவு நீளமாக இறங்கத் தரும் இடங்கள் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை பல இழுவைகளைக் கோத்துத்தான் அந்த உயரத்தைத் தருகின்றன. இங்கே இரண்டு கட்டக் கயிறு ஒன்றே போதும்.

குல்மார்க் இருப்பது 34 பாகை அட்சரேகையில். ஆல்ப்ஸைவிடப் பன்னிரண்டு பாகை தெற்கே. இவ்வளவு தெற்கே, இவ்வளவு உக்கிரமான வெயிலில் பனி எப்படிப் பொடியாக நிற்கிறது? உயரம் ஒரு காரணம். இன்னொன்று திசை. பீர் பஞ்சாலின் உட்புறம் வடகிழக்கைப் பார்த்தது. அஃபர்வத்தின் முகத்தில் காலை வெயில் பட்டு விலகிவிடும், நண்பகலின் சூடு மறுபக்கத்துக்குப் போகும். பனி வந்து சேர்வதும் தொலைவிலிருந்து. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகரும் காற்றழுத்தத் தாழ்வுகளை வானிலைக்காரர்கள் மேற்கத்திய இடையூறுகள் என்கிறார்கள். காஷ்மீருக்குக் குளிர்காலம் முழுக்க இவைதான் மழையும் பனியும். அந்த ஈரக்காற்று பள்ளத்தாக்கை அடையுமுன் முட்டி ஏறும் சுவர்களில் ஒன்று பீர் பஞ்சால். ஏறும்போது குளிர்ந்து கொட்டிவிடுகிறது. நல்ல ஆண்டில் ஓர் இடையூறு மூன்று நாளில் ஆள் உயரத்துக்குப் பனியைப் போட்டுவிட்டுப் போகும். பிறகு வானம் வெளுத்து, குளிர் இறுகி, அடுத்தது வரும்வரை நாள்கணக்கில் தெளிவாக இருக்கும்.

சறுக்குபவர்களுக்குச் சொர்க்கமான இந்தத் தாளமேதான் மலையின் அபாயமும். கடுங்குளிரில் தெளிந்த வானத்தடியில் கிடக்கும் பனியின் உள்ளே வெப்பநிலை வித்தியாசம் வேலை செய்கிறது. தரையை ஒட்டிய பகுதி சற்றுக் கதகதப்பு, மேற்பரப்பு உறைகுளிர். உள்ளிருந்து நீராவி மேலேறும்போது பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரை மணிகளாக மாறுகின்றன. அதன்மேல் அடுத்த புயல் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் கனத்தைக் கொண்டுவந்து இறக்கும். அஃபர்வத்தில் முகட்டுக் காற்று வேறு பனியை வாரி ஒரு பக்கம் குவிக்கும். சறுக்கச் சுகமான 30 முதல் 45 பாகை வரையான சரிவுதான் பனிச்சரிவு கிளம்பவும் வாகானது. மேல் தட்டு முழுக்க இப்படிப்பட்ட முகங்கள். கோண்டோலாவுக்கு நேர் கீழே உள்ள கிண்ணம் போன்ற பகுதியை மட்டும் ரோந்துக் குழு வெடி வைத்துச் சோதித்துத் திறக்கிறது. அதற்கு இருபுறமும் கிலோமீட்டர் கணக்கில் நீளும் சரிவுகளில் போகிறவர் தன் பொறுப்பில் போகிறார். நிலையத்தில் இறங்கி இடமோ வலமோ பத்து நிமிடம் நகர்ந்தால் காவலற்ற இமயம். குல்மார்க்கின் புகழ் முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

இனி மனிதர்கள். கௌரிமார்க் என்றிருந்த இடத்துக்குப் பதினாறாம் நூற்றாண்டில் யூசுஃப் ஷா சக் இன்றைய பெயரை வைத்தார் என்பார்கள். ஜஹாங்கீர் இங்கே 21 வகைப் பூக்களைச் சேகரித்ததாகச் சொல்வது எல்லா வழிகாட்டி நூல்களிலும் வரும். இவர்கள் யாரும் குளிர்காலத்தில் இங்கே தலைகாட்டியவர்கள் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர்களும் கோடைக்கே வந்தார்கள். சமவெளி கொதிக்கும்போது ஏறிவந்து, மரக்குடில் போட்டு, மூன்று கோல்ஃப் மைதானம் அமைத்து, அதில் ஒன்றைப் பெண்களுக்கென்று ஒதுக்கி, வேட்டையாடி, செப்டம்பரில் இறங்கிப் போனார்கள். 1888இல் நெடோ குடும்பத்தின் விடுதி வந்தது. 1902இல் புனித மேரி தேவாலயம். நெடோ குடும்பத்துப் பெண்ணான அக்பர் ஜஹான் பின்னாளில் ஷேக் அப்துல்லாவை மணந்தார். காஷ்மீர் அரசியலின் மிகப் பிரபலமான குடும்பத்துக்கும் குல்மார்க் விடுதி ஒன்றுக்கும் இப்படி ஓர் உறவு. 1915இல் டோக்ரா அரச குடும்பத்தின் பேரில் மேட்டின்மேல் எழுந்த சிவாலயம், 'ஆப் கி கசம்' படத்தின் பாட்டால் நாடறிந்ததாகி, 2024 ஜூன் மாதம் தீயில் எரிந்தது.

பனிச்சறுக்கு இந்தக் கோடைவாசத்தின் ஓரத்தில் முளைத்தது. 1927இல் ஆங்கிலேயர்கள் ஒரு சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். ஆண்டுக்கு இரண்டு கூடுகை, ஒன்று கிறிஸ்துமஸுக்கு, மற்றது ஈஸ்டருக்கு. இழுவை எதுவும் கிடையாது. காலால் ஏறி, பலகையால் இறங்குவதுதான். ஒரு நாளைக்கு ஓரிரு முறை இறங்கினாலே அதிகம். விடுப்பு கிடைத்த அதிகாரிகளின் பொழுதுபோக்கு அது. உள்ளூர்க்காரர்களுக்கு அதில் இருந்த பங்கு சுமை தூக்குவது, அடுப்பு மூட்டுவது. பிரிட்டிஷ் ஆட்சி நீடித்திருந்தால் கழகம் வளர்ந்து குல்மார்க் ஒரு சின்ன ஆல்ப்ஸ் ஆகியிருக்கும் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு நம்பிக்கையில்லை. குளிர்காலத்தில் மூடிக்கிடந்த ஊருக்கு ஆண்டில் இரண்டு வாரம் வருகிறவர்களுக்காக யாரும் முதல் போடமாட்டார்கள்.

1947 எல்லாவற்றையும் மாற்றியது. அந்த ஆண்டு பழங்குடிப் படைகளை அனுப்பிக் காஷ்மீரைப் பிடிக்கப் பாகிஸ்தான் தரப்பு வகுத்த திட்டத்துக்கு 'ஆபரேஷன் குல்மார்க்' என்றே பெயர் என்று இந்திய ராணுவ வரலாறுகள் குறிப்பிடுகின்றன. குல்மார்க்கும் சில நாள் அவர்கள் கையில் இருந்தது, பிறகு மீட்கப்பட்டது. போர் நின்றபோது போர்நிறுத்தக் கோடு அஃபர்வத்துக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் வந்து நின்றது. 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு அது கட்டுப்பாட்டுக் கோடு. கோடைவாசஸ்தலம் எல்லைப்புற ஊராகிவிட்டது.

எல்லையில் பனி இருந்தால் பனியில் நடக்கத் தெரிந்த படை வேண்டும். 1948 நவம்பரில் ஜோஜிலா கணவாயில் டாங்கிகளை ஏற்றிப் பெயர்பெற்ற திம்மய்யா, அதே ஆண்டு டிசம்பரில் தன் 19ஆம் காலாட்படைப் பிரிவுக்காகக் குல்மார்க்கில் ஒரு சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். அது பெயர் மாறி, விரிந்து, 1962இல் உயர்மலைப் போர்ப் பள்ளி ஆனது. சியாச்சின் போன்ற முனைகளுக்குப் போகும் வீரர்கள் இன்றும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். குளிர்காலத்தில் குல்மார்க்கை முதன்முதலாகத் திறந்துவைத்தது ராணுவம் என்று சொன்னால் மிகையில்லை. சாலை பனியில் மூடாமல் இருக்க வேண்டிய தேவை, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோருக்குப் பலகை மாட்டிவிடும் பயிற்சியாளர் கூட்டம், பனிச்சரிவைப் படிக்கும் அனுபவம் எல்லாம் அந்தப் பள்ளியின் வழியாகவே வந்தன. இந்தியாவின் தொடக்ககாலச் சறுக்கு வீரர்கள் பலர் சீருடைக்காரர்களாக இருந்ததற்குக் காரணமும் இதுவே.

அரசாங்கத்தின் சுற்றுலாத் துறை பின்னால்தான் விழித்தது. 1960இல் ருடால்ஃப் மாட் என்ற ஆஸ்திரியரை அழைத்து, குளிர்கால விளையாட்டுக்கு ஏற்ற இடம் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். 1936இல் ஸ்லாலம் பந்தயத்தில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றவர் அவர். குல்மார்க்கைக் காட்டினார். 1968இல் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இங்கே அமைந்தது. உள்ளூர்ப் பையன்கள் முறைப்படி பயிற்சியாளர் ஆனது இதற்குப் பிறகுதான். சாமான் தூக்கியவர்களின் பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பவர்களானார்கள். குல்மார்க்கின் வரலாற்றில் நான் பெரிதாக மதிக்கும் மாற்றம் இது. கோண்டோலாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எழுபதுகளில் ராஜ் கபூரின் 'பாபி' வந்து, ஒரு மரக்குடிலை 'பாபி குடில்' ஆக்கிவிட்டுப் போனது. எண்பதுகளின் நடுவில் சில்வன் சௌதான் வந்தார். சுவிட்சர்லாந்துக்காரர். யாரும் சறுக்க முடியாது என்றிருந்த செங்குத்துகளை எல்லாம் சறுக்கி இறங்கிப் பெயர்பெற்றவர். 1982இல் 8,000 மீட்டரைத் தாண்டிய ஹிட்டன் பீக்கின் உச்சியிலிருந்து அடிவார முகாம்வரை பலகையில் இறங்கியவர். அவர் ஹெலிகாப்டரில் ஆட்களைச் சிகரங்களில் இறக்கிச் சறுக்கவிடும் தொழிலைக் காஷ்மீரில் தொடங்கினார். பீர் பஞ்சாலின் பனி எப்படிப்பட்டது என்ற சேதி ஐரோப்பியச் சறுக்கு வட்டங்களில் பரவியது பெரிதும் அவரால்.

அந்த நம்பிக்கையின் சூட்டிலேயே பிரான்சின் பொமகால்ஸ்கி நிறுவனத்தின் துணையோடு 1988இல் கோண்டோலா வேலை தொடங்கியது. 1990இல் நின்றது. துப்பாக்கி வந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகள் காஷ்மீரில் சுற்றுலா என்ற சொல்லுக்கே பொருளில்லை. 1995இல் பஹல்காம் பக்கத்து மலைகளில் மேலைநாட்டு மலையேறிகள் கடத்தப்பட்ட பிறகு வெளிநாட்டினர் அறவே நின்றார்கள். தமிழ் ரசிகர்களுக்கு இந்தக் காலம் வேறொரு விதத்தில் தெரியும். 1961இல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' படக்குழுவைக் காஷ்மீருக்கே கொண்டுபோய்ப் படமெடுக்க முடிந்தது. 1992இன் 'ரோஜா', கதை காஷ்மீரில் நடந்தும், மணாலியிலும் நீலகிரியிலும் எடுக்கப்பட வேண்டியிருந்தது. திரையில் நாம் கண்ட காஷ்மீர்ப் பனி காஷ்மீர்ப் பனி அல்ல. அந்த நாட்களில் குல்மார்க்கில் பாதி நட்ட தூண்கள் பனியில் நின்றுகொண்டிருந்தன.

1998இல் வேலை மறுபடி எடுக்கப்பட்டு கோங்தூரி வரையிலான முதல் கட்டம் ஓடத் தொடங்கியது. அஃபர்வத் தோள்வரையிலான இரண்டாம் கட்டம் 2005இல் முடிந்தது. குல்மார்க்கின் சறுக்கு வரலாற்றை இந்த 2005க்கு முன், பின் என்று பிரிக்கலாம். அதுவரை நாள் முழுக்க ஏறி ஒருமுறை இறங்கிய மலையில் ஒரே நாளில் பலமுறை இறங்க முடிந்தது. அதுவும் ஆல்ப்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்கு. பனிச்சறுக்கு இதழ்கள் எழுத, படக்குழுக்கள் வர, ஜனவரி பிப்ரவரியில் தங்கும் விடுதிகளில் ஆங்கிலம், ரஷ்யம், ஸ்வீடிஷ் எல்லாம் கேட்கத் தொடங்கின. பிறகு மேரி முகடு எனப்படும் பக்கத்துத் தோளுக்கு ஒரு நாற்காலி இழுவையும் சேர்ந்தது.

ஆனால் கயிறு யாருக்காகப் போட்டது? ஜம்மு காஷ்மீர் அரசின் கேபிள் கார் கழகத்துக்கு வரும் வருமானத்தில் பெரும்பகுதி பலகை மாட்டியவர்களிடமிருந்து வருவதில்லை. 2023இல் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் கோண்டோலாவில் ஏறினார்கள். நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து, வாடகை ரப்பர் பூட்ஸும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு, மேலே போய்ப் பனியைத் தொட்டு, படமெடுத்து, மூச்சு வாங்கி, அரைமணியில் இறங்கும் குடும்பங்கள். நாலாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைவு. கீழிருந்து சில நிமிடங்களில் அங்கே போய் இறங்கும் தாத்தா பாட்டிகளுக்குத் தலை சுற்றுவதில் வியப்பில்லை. கூட்டம் கோடையிலும் வருகிறது. ஆறு இருக்கைப் பெட்டியில் சறுக்குபவர் ஒருவர், பலகையை வெளியே செருகிவிட்டு, ஐந்து பேர் கொண்ட குடும்பத்தோடு முழங்கால் இடித்துக்கொண்டு மேலே போவது குல்மார்க்கில் அன்றாடக் காட்சி.

சறுக்குபவர்கள் இதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வார்கள். வரிசை நீளம், நேரம் வீண் என்று. என் கணிப்பு வேறு. அந்தப் பத்து லட்சம் பேர் இல்லையென்றால் கயிறே இல்லை. 1,300 மீட்டர் உயரத்துக்கு இரண்டு கட்டக் கோண்டோலாவைச் சில ஆயிரம் சறுக்கு ஆர்வலர்களை நம்பி எந்த அரசும் ஓட்டாது. மேல் மலையில் பாதை வெட்டாமல், சமன்செய்யாமல் விட்டதற்கும் காரணம் அதுவே. பார்வையாளருக்குப் பாதை தேவையில்லை. ஆக, அஃபர்வத்தின் கன்னிப் பனியைக் காப்பாற்றித் தந்தது ஒரு வகையில் ரப்பர் பூட்ஸ் குடும்பங்களே.

விலையும் கொடுத்திருக்கிறார்கள். 2017 ஜூன் 25ஆம் தேதி பலத்த காற்றில் சாய்ந்த மரம் ஒன்று கோண்டோலாவின்மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். டெல்லியிலிருந்து வந்த ஒரே குடும்பத்தின் நால்வர், மற்றவர்கள் உள்ளூர் வழிகாட்டிகள். கயிற்றுப் பாதைக்கு இருபுறமும் எவ்வளவு தூரம் மரம் இருக்கலாம், எந்த வேகக் காற்றில் நிறுத்த வேண்டும் என்ற கேள்விகள் அப்போதுதான் உரக்க எழுந்தன.

பனிச்சரிவின் கணக்கு தனி. 2010 பிப்ரவரி 8ஆம் தேதி கிலன்மார்க் பக்கம் பயிற்சியில் இருந்த உயர்மலைப் போர்ப் பள்ளியின் அணிமீது பனி இறங்கி 17 வீரர்கள் இறந்தனர். பனியைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் பள்ளிக்கே இது நேர்ந்தது. 2023 பிப்ரவரி 1ஆம் தேதி அஃபர்வத்தின் ஹபத்குட் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள், உடன் வந்த வெளிநாட்டினர் பலர் மீட்கப்பட்டார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். இந்த இரண்டுமே கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வெளியே நடந்தவை. நுழைவாயிலில் அபாய அளவை எழுதிப் போடுவது, வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள் என்பது, புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோக் கருவியும் மண்வெட்டியும் துழாவுகோலும் கட்டாயம் என்பது எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஆல்ப்ஸில் ஒருவர் புதைந்தால் ஹெலிகாப்டர் நிமிடங்களில் வரும். எல்லைக்கு அருகில் இருக்கும் இந்த மலையில் வான்வழி அவ்வளவு எளிதில் திறக்காது. பனிக்குள் புதைந்தவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால்மணி நேரத்துக்குப் பிறகு சடசடவென்று சரிகிறது. அப்படியானால் குல்மார்க்கில் மீட்பு என்பது பக்கத்தில் இருக்கும் தோழரும், பலகையோடு ஓடிவரும் உள்ளூர் வழிகாட்டிகளும்தான்.

எல்லை வேறு விதங்களிலும் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. குல்மார்க்குக்குப் போகும் சாலையில் நார்பல் அருகே 2018 மே மாதம் கல்வீச்சில் சிக்கிச் சென்னையிலிருந்து சுற்றுலா வந்த இளைஞர் ஒருவர் இறந்தார். 2024 அக்டோபரில் குல்மார்க்கை அடுத்த போடாபத்ரியில் ராணுவ வண்டி தாக்கப்பட்டு, வீரர்களோடு சுமை தூக்கும் தொழிலாளர்களும் உயிரிழந்தனர். 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டபோது பள்ளத்தாக்கு முழுக்க முன்பதிவுகள் ஒரே நாளில் சரிந்தன. இந்த ஊரின் பருவம் பனியால் மட்டும் தீர்மானமாவதில்லை.

அந்தப் பனியும் இப்போது பழைய நம்பகத்தோடு இல்லை. காஷ்மீரிகள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் சில்லை கலான், அடுத்து இருபது நாள் சில்லை குர்த், கடைசிப் பத்து நாள் சில்லை பச்சா. முதல் நாற்பது நாளில் விழும் பனிதான் தங்கும், கோடை முழுக்கக் கரைந்து நிங்லி ஓடைக்கும் ஜீலத்துக்கும் நீர் தரும். 2024 ஜனவரியில் அந்த நாற்பது நாளின் பெரும்பகுதி குல்மார்க் பழுப்பாகக் கிடந்தது. புல்வெளியின் காய்ந்த புல் தெரியும் படங்கள் நாடெங்கும் பரவின. பனி மாதக் கடைசியில்தான் வந்தது. 2025இல் பிப்ரவரி கடைசி வாரத்துக்குக் குறித்திருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனி போதாமல் தள்ளிப்போய் மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. மேற்கத்திய இடையூறுகள் வரும் காலமும் வலுவும் மாறிவருகின்றனவா என்பது வானிலை ஆய்வாளர்கள் இன்னும் வாதிக்கும் கேள்வி. வெப்பம் கூடினால் அதே இடையூறு கீழ்த்தட்டில் மழையாக இறங்கும் என்பதில் வாதம் இல்லை. முதலில் அடிபடப்போவது 2,650 மீட்டர் புல்வெளி. கற்றுக்குட்டிகள், சறுக்குவண்டி இழுப்பவர்கள், பூட்ஸ் வாடகைக் கடைகள் எல்லாம் இருக்கும் தட்டு அது. 3,500 மீட்டருக்கு மேல் வெளிநாட்டினர் சறுக்கும் தட்டு இன்னும் பல காலம் தாக்குப்பிடிக்கும். மலையின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் இடையில் ஏற்கெனவே இருக்கும் பிளவு பருவநிலையால் ஆழமாகும்.

பொறிகளால் பனி தயாரிக்கலாமே என்பார்கள். புல்வெளியில் ஓரளவு முடியும். தண்ணீரும் மின்சாரமும் உறைகுளிரும் ஒன்றாக வாய்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அஃபர்வத் முகத்தைப் பொறியால் மூடமுடியாது. மூடினாலும் அது யாரும் தேடிவரும் அஃபர்வத்தாக இருக்காது. ஔலியின் அனுபவமும் யோசிக்க வைக்கிறது. 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரத்தின் நிலம் இறங்கிச் சுவர்கள் விரிசல்விட்டபோது, அங்கிருந்து ஔலிக்குப் போகும் நான்கு கிலோமீட்டர் கயிற்றுப் பாதை நிறுத்தப்பட்டது. மலையில் எதைக் கட்டினாலும் அதற்கடியில் இருக்கும் மண்ணின் சம்மதம் வேண்டியிருக்கிறது.

நிலச் சிக்கல் குல்மார்க்கிலும் உண்டு, வேறு வகையில். விடுதிகள் நிற்பது பெரும்பாலும் அரசு குத்தகை நிலத்தில். 2022 டிசம்பரில் வந்த நில ஒதுக்கீட்டு விதிகள், காலம் முடிந்த வணிகக் குத்தகைகளைப் பழையவர்களுக்குப் புதுப்பிக்காமல் ஏலத்துக்குக் கொண்டுபோக வழி செய்தன. தலைமுறைகளாக நடத்துபவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நாளை இடம் தன்னுடையதா என்று தெரியாதவர் கூரையைக்கூடப் புதுப்பிக்கமாட்டார். கழிவுநீர், குப்பை, புல்வெளியின் ஓரத்தில் பெருகும் கான்கிரீட் பற்றிய பேச்செல்லாம் இந்த நிச்சயமின்மையில் முட்டி நிற்கிறது.

இவ்வளவு பெரிய மலையிலிருந்து எத்தனை வீரர்கள் வந்தார்கள் என்று கேட்டால் பட்டியல் சிறியது. குல் முஸ்தஃபா தேவ் 1988 கால்கரி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். அவருக்கு வெகுகாலம் பின்னால் தங்மார்க்கில் பிறந்த ஆரிஃப் கான். அப்பா குல்மார்க்கில் சறுக்குக் கருவிக் கடை வைத்திருந்தவர். பலகைகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்குக்கூட பந்தயப் பயிற்சிக்கு ஐரோப்பா போகவேண்டியிருந்தது. பணம் போதாமல் 2018 வாய்ப்பு கைநழுவியது. 2022 பெய்ஜிங் போட்டியில் இந்தியாவின் ஒரே வீரர் அவர். குல்மார்க்கின் பொடிப்பனி பந்தயக்காரருக்கு உதவாத பனி. அவருக்கு வேண்டியது அமுக்கி, நீர்விட்டு, கண்ணாடியாக இறுக்கிய சரிவு, நேரமெடுக்கும் கருவி, நாளும் கம்பம் நட்டுத்தரும் பயிற்சியாளர். பெய்ஜிங்கின் சரிவுகள் ஏறத்தாழ முழுக்கவே செயற்கைப் பனியால் ஆனவை. ஆனால் ஜயண்ட் ஸ்லாலம் நடந்த நாளில் உண்மைப் பனியே கொட்டிப் பார்வையை மறைத்தது. ஆரிஃப் இரண்டு ஓட்டத்தையும் முடித்து 45ஆவதாக வந்தார். அப்படி ஒரு பந்தயச் சரிவைக் கோங்தூரிக்கும் புல்வெளிக்கும் இடையில் இறுக்கிப் பராமரிக்க ஆகும் செலவு, ஆண்டுக்கு நூறு கோடி ஈட்டும் கயிற்றுக்குப் பெரிய தொகை அல்ல.